ஏக்கர் கணக்கா, கிணற்றுக் கணக்கா?

திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த பேச்சு இது. கார்த்திகை கடைசி. நவரை நெல்லுக்கு நாற்றங்கால் தயாராகிக் கொண்டிருந்த நேரம். எண்ணெய்வித்துப் பயிர்கள் பற்றிய வயல்வெளிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். மார்கழிப் பட்டத்தில் இறவை நிலக்கடலை போடுங்கள் என்று நான் பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு விவசாயி எழுந்தார்.

"சார், நெல்லுல ஏக்கருக்கு 22 ஆயிரம் நிக்குது. மல்லாட்டையில 16 ஆயிரம்தான். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. 22 ஆயிரத்தை வுட்டுட்டு 16 ஆயிரத்துக்கு ஏன் போகணும்?"

அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். கேள்வியில் தவறே இல்லை. அவருடைய நோட்டுக் கணக்கும் சரி. உழவு, நாற்று, உரம், மருந்து, ஆள் கூலி, அறுப்பு எல்லாம் கழித்துத்தான் சொன்னார். அன்றைக்கு மேடையில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. மண் வளம், பயிர் சுழற்சி என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். கூட்டம் முடிந்ததும் அவரோடு வயலுக்கு நடந்தேன்.

அவருக்கு 5 ஏக்கர், ஒரு கிணறு, 5 குதிரைத்திறன் மோட்டார். நவரையில் 2 ஏக்கர் நெல் நடுவார். மீதி 3 ஏக்கர் தரிசு, மாடு மேயும். ஏன் என்று கேட்டேன். "தண்ணி எட்டாது சார்" என்றார்.

அந்த மூன்று சொல்லில்தான் அவருடைய கேள்விக்கு விடை இருந்தது. அவருக்குப் பற்றாக்குறையாக இருப்பது நிலம் அல்ல, தண்ணீர். நிலம் 3 ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஆனால் லாபத்தை அளக்கும்போது மட்டும் ஏக்கரில் அளக்கிறார். தப்பு அவருடையது மட்டுமல்ல. துறையில் இருக்கும் நாங்களும் ஏக்கருக்கு மகசூல், ஏக்கருக்கு வருமானம் என்றே பேசிப் பழகிவிட்டோம். எங்கள் முன்னேற்ற அறிக்கைகளிலும் வேறு கட்டம் கிடையாது.

பீப்பாயும் கைக்கடிகாரமும்

கிணற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 200 லிட்டர் பீப்பாயை மோட்டார் குழாயின் கீழே வைத்தோம். 33 விநாடியில் நிரம்பியது. அப்படியானால் மணிக்குச் சுமார் 22,000 லிட்டர். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் இறைத்தால் கிணறு அடி தெரிந்துவிடும். மறுபடி ஊற ராத்திரி முழுவதும் வேண்டும். ஆக நாளொன்றுக்கு 88,000 லிட்டர். நெல்லோ கடலையோ, இரண்டுக்கும் ஏறத்தாழ 110 நாள். மொத்தம் சுமார் 96 லட்சம் லிட்டர். தை முதல் பங்குனி வரை அவரிடம் உள்ள மூலதனம் இதுதான். இதை நெல்லாகவும் மாற்றலாம், மல்லாட்டையாகவும் மாற்றலாம், இரண்டும் கலந்தும் மாற்றலாம். ஆனால் 96 லட்சத்தைத் தாண்ட முடியாது.

ஒரு ஏக்கரில் 1 மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 4,000 லிட்டர் வேண்டும். நெல்லுக்கு மொத்தத் தேவை சுமார் 1,200 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். நிலக்கடலைக்கு 500 மி.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர். உளுந்துக்கு 300 மி.மீ., 12 லட்சம் லிட்டர். மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது முன்னே பின்னே இருக்கும்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். நெல்லில் 48 லட்சம் லிட்டருக்கு 22,000 ரூபாய். லட்சம் லிட்டருக்கு 458 ரூபாய். மல்லாட்டையில் 20 லட்சம் லிட்டருக்கு 16,000 ரூபாய். லட்சம் லிட்டருக்கு 800 ரூபாய். ஏக்கரில் அளந்தால் நெல் முந்துகிறது. தண்ணீரில் அளந்தால் மல்லாட்டை வெகுதூரம் முந்திவிடுகிறது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீரில் 2.4 ஏக்கர் மல்லாட்டை விளையும். அதன் வருமானம் 38,400 ரூபாய். ஒரு ஏக்கர் நெல் நட்டபோது அவர் அதைக் கைவிட்டார். 22,000 கிடைத்தது உண்மை, 38,400 போனதும் உண்மை. ஆனால் போனது எந்த நோட்டிலும் ஏறவில்லை. கையை விட்டுப் போன காசுக்குத்தான் கணக்கு எழுதுகிறோம். கைக்கு வராமலே போன காசுக்கு யார் எழுதுகிறார்கள்?

பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கைவிட்ட மற்றவற்றில் மிகச் சிறந்தது எதுவோ, அதன் மதிப்புதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான விலை. கைவிட்ட எல்லாவற்றையும் கூட்டக்கூடாது. ஒரே தண்ணீரைக் கடலைக்கும் உளுந்துக்கும் எள்ளுக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியாதல்லவா? கைவிட்டதில் முதலாவது எதுவோ, அது ஒன்று மட்டும்.

நம் மாநிலத்தில் விவசாயப் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். அதனால் கிணற்றுத் தண்ணீருக்கு நோட்டில் விலை பூஜ்யம். விலை பூஜ்யம் என்பதால் செலவும் பூஜ்யம் என்று மனது நினைத்துக்கொள்கிறது. நம் கிணறுகளில் நெல்லும் கரும்பும் இவ்வளவு தாராளமாகத் தண்ணீர் குடிப்பதற்கு இந்த ஒரு பூஜ்யம்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. இலவச மின்சாரம் கூடாது என்று சொல்ல வரவில்லை. பில் வராவிட்டாலும் செலவு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

நான் தவறிய இடம்

பீப்பாய்க் கணக்கு முடிந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அண்ணே, 96 லட்சத்தை 20 லட்சத்தால் வகுத்தால் 4.8. நெல்லை விட்டுவிட்டு முழுக்க மல்லாட்டை போடுங்கள். 44 ஆயிரம் எங்கே, 76,800 எங்கே!" என்றேன்.

அவர் சிரித்தார். வரப்பில் கூட்டிக்கொண்டு போய் ஒரு துண்டைக் காட்டினார். ஏரிக்கரைக்குக் கீழே, சரியாக 1 ஏக்கர். களி மண். தை மாதக் கடைசி வரைக்கும் ஏரிக் கசிவு அடங்காது. "இதுல மல்லாட்டை போட்டா பாதி காய் அழுகிப் போவும். மிச்சம் களியில ஒட்டிக்கும், செடியைப் புடுங்கினா காய் மண்ணுலயே நிக்கும். நீங்க பேப்பர்ல போட்டுக்கலாம், நான் பூமியில போடணும்" என்றார்.

பயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியாததல்ல. வகுத்துப் பார்த்த சந்தோஷத்தில் மண்ணைப் பார்க்கவில்லை. திரும்ப உட்கார்ந்து எழுதினோம்.

பள்ளத்து ஏக்கரில் கசிவு இருப்பதால், அங்கே நெல்லுக்குக் கிணற்றிலிருந்து 48 லட்சம் லிட்டர் வேண்டியதில்லை. 30 லட்சம் போதும் என்று அவர் அனுபவத்தில் சொன்னார். மேட்டில் உள்ள மற்ற 4 ஏக்கரும் செம்மண் கலந்த மணற்பாங்கு. மல்லாட்டைக்கு வாகான மண்.

நெல்லே வேண்டாம் என்றால் மேட்டில் 4 ஏக்கர் மல்லாட்டை. தண்ணீர் 80 லட்சம் ஆகும். 16 லட்சம் மீதி கிணற்றில் கிடக்கும். வருமானம் 64,000.

பள்ளத்தில் மட்டும் 1 ஏக்கர் நெல் நட்டால் 30 லட்சம் அதற்குப் போகும். மீதி 66 லட்சத்தில் 3.3 ஏக்கர் மல்லாட்டை. வருமானம் 22,000 + 52,800 = 74,800.

பள்ளத்தில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாக 2 ஏக்கர் நெல் நட்டால் 78 லட்சம் போய்விடும். மீதி 18 லட்சத்தில் 0.9 ஏக்கர் மல்லாட்டை. வருமானம் 44,000 + 14,400 = 58,400. (இந்த 18 லட்சமும் அவருக்கு மிஞ்சியதில்லை. மடையைத் திறந்து விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நாட்களில் அது கரைந்திருக்கும்.)

இந்த மூன்று வரியை நிதானமாகப் பாருங்கள். முதல் ஏக்கர் நெல்லுக்காக அவர் விட்டுக்கொடுப்பது 0.7 ஏக்கர் மல்லாட்டை மட்டும். 11,200 ரூபாயை விட்டு 22,000 ரூபாயைப் பிடிக்கிறார். நல்ல பேரம். இரண்டாவது ஏக்கர் நெல்லுக்காக விட்டுக்கொடுப்பது 2.4 ஏக்கர் மல்லாட்டை. 38,400 ரூபாயை விட்டு அதே 22,000 ரூபாயைப் பிடிக்கிறார். ஒரே பயிர், ஒரே விவசாயி, ஒரே கிணறு. ஆனால் முதல் ஏக்கர் நெல் மலிவு, இரண்டாவது ஏக்கர் நெல் கொள்ளை விலை. நெல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எத்தனையாவது ஏக்கர், எந்த இடத்து ஏக்கர் என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த நேரத்தில் அவருடைய மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பிளஸ் 1, பொருளியல் பிரிவு. நான் நோட்டில் ஒரு கோட்டில் நெல் ஏக்கரையும் இன்னொரு கோட்டில் மல்லாட்டை ஏக்கரையும் போட்டு மூன்று புள்ளி வைத்து இணைத்திருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பாடத்துல இருக்கு, உற்பத்தி வாய்ப்பு வளைகோடு" என்றாள். அதேதான். அமெரிக்கப் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1948-ல் எழுதிய பாடநூலில் துப்பாக்கியும் வெண்ணெயும் என்று இதை விளக்கினார். உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் அப்படியே படிக்கிறார்கள். துப்பாக்கி அதிகமானால் வெண்ணெய் குறையும். அந்தக் கோடு ஏன் நேராக இல்லாமல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது என்று வகுப்பில் பலருக்கும் விளங்குவதில்லை. அவளுக்கு அன்று விளங்கியிருக்கும். எல்லா நிலமும் எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது. பள்ளம் இருக்கும் வரை நெல் மலிவாகக் கிடைக்கும். பள்ளம் தீர்ந்து மேட்டில் ஏறும்போது விலை ஏறும். வளைவுக்குக் காரணம் அதுதான்.

கோட்டுக்கு உள்ளே, கோட்டைத் தள்ளி

2 ஏக்கர் நெல், 3 ஏக்கர் தரிசு, வருமானம் 44,000. அவர் அதுவரை இருந்த இடம் இது. இந்த இடம் அந்தக் கோட்டின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. உள்ளே இருக்கும் விவசாயி எதையும் விட்டுக்கொடுக்காமலே முன்னேறலாம். மடையை நேரத்துக்கு அடைத்தாலே போதும், 0.9 ஏக்கர் மல்லாட்டை கூடுதலாக வரும். மல்லாட்டைக்கு 40 முதல் 45-ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்காமல் விடுவதும் இப்படி உள்ளே நிற்பதுதான். பயிரை மாற்றச் சொல்வதற்கு முன் விரிவாக்கப் பணியாளர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பயிர் மாற்றத்தில் இழப்பு உண்டு, பயம் உண்டு. இதில் இரண்டும் இல்லை.

கோட்டையே வெளியே தள்ளுவது மூன்றாவது வழி. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சும் முறையில் நெல்லுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. 20 சதவீதம் மிச்சம் என்று வைத்தால் மேட்டு ஏக்கர் நெல்லுக்கு 48-க்குப் பதில் சுமார் 38 லட்சம் லிட்டர். அப்போதும் அந்த ஏக்கருக்காக விட்டுக்கொடுப்பது 1.9 ஏக்கர் மல்லாட்டை, 30,000 ரூபாய்க்கு மேல். விலை குறைந்தது, ஆனால் 22,000-க்குக் கீழே வரவில்லை. தொழில்நுட்பம் வந்தால் தேர்வு செய்யும் வேலை இல்லாமல் போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

போர் போட்ட காசு

திண்ணையில் பக்கத்து நிலத்துக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது வேறு. "ஒன்றரை லட்சம் போட்டு போர் இறக்கியிருக்கேன். நெல்லு போடாம வுட்டா அந்தக் காசு எப்படி வர்றது?"

இதை ஊர் ஊராகக் கேட்கிறேன். போர் இறக்கிய காசு இறங்கிவிட்டது. நெல் போட்டாலும் அது திரும்பாது, மல்லாட்டை போட்டாலும் திரும்பாது, சும்மா விட்டாலும் திரும்பாது. மூன்றிலும் ஒரே தொகை என்றால் இந்தப் பட்டத்துக்கு எதை விதைப்பது என்ற முடிவில் அதற்கு வேலை இல்லை. கடன் தவணை கட்டத்தான் வேண்டும். கட்டுவதற்கு எந்தப் பயிர் அதிகம் தருமோ அதைப் போடுங்கள் என்பதுதான் பதில். அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

டெல்டாவில் வேறு கணக்கு

இதைப் படிக்கும் தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிகளுக்குக் கோபம் வரலாம். நியாயம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கழனி முழுக்கத் தண்ணீர் நிற்கும் களி வயலில் நெல்லைத் தவிர எது நிற்கும்? அங்கே சம்பா நெல்லுக்காகக் கைவிடப்படும் பயிர் என்று எதுவும் இல்லை. வாய்ப்புச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். சென்னையில் உட்கார்ந்து நெல் தண்ணீரை விழுங்குகிறது என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. நெல்லின் விலை அது குடிக்கும் தண்ணீரில் இல்லை, அந்தத் தண்ணீருக்கு வேறு வேலை இருந்ததா என்பதில் இருக்கிறது.

டெல்டாவில் கேள்வி அறுவடையில் வருகிறது. சம்பா, தாளடி அறுப்புக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தூவுவது அங்கே வழிவழியான பழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். இயந்திர அறுவடை வந்த பிறகு, முளைத்த உளுந்தின் மேல் சக்கரம் ஏறுகிறது. பலர் உளுந்தையே விட்டுவிட்டார்கள்.

ஆள் வைத்து அறுப்பதைவிட இயந்திரத்தில் ஏக்கருக்கு 4,000 ரூபாய் மிச்சம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். விட்டுப் போன உளுந்து ஏக்கருக்கு 2 குவிண்டால். 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். செலவு 6,000 போனால் 9,600. அப்படியானால் 4,000-ஐப் பிடித்து 9,600-ஐ விட்டார்கள் என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். அறுக்க ஆள் கிடைத்தால்தான் அது மாற்று வாய்ப்பு. கிடைக்காத ஆளை வைத்துக் கணக்குப் போட்டால் அது கணக்கல்ல, கனவு. நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கும்போது இயந்திரத்துக்கு எதிரே இருப்பது கையறுப்பு அல்ல, உதிர்ந்து போகும் நெல்.

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இயந்திரம் வரும் நாளுக்கு 4 முதல் 6 நாள் முன்பாகத் தூவலாம், விதையை ஏக்கருக்கு 12 கிலோவாகக் கூட்டலாம். முளை நீளும் முன்பே இயந்திரம் கடந்துவிடும். இயந்திரம் வரும் நாள் நிச்சயமாகத் தெரிய வேண்டும், அதுதான் சிக்கல். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து தேதி பேசி வரவழைத்தால் அது நடக்கிறது.

வீட்டு ஆள் கூலி

திண்டிவனத்துக்குத் திரும்புகிறேன். 74,800 என்று நாங்கள் எழுதி முடித்ததும், அதுவரை உள்ளே வேலையாக இருந்த அவருடைய மனைவி வந்து ஒரே கேள்வி கேட்டார். "மூணேகால் ஏக்கர் மல்லாட்டையை யாரு புடுங்கி யாரு ஆயுறது?"

நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். களை எடுப்பும் காய் ஆய்வதும் பெரும்பாலும் அவர் வேலை. வீட்டு ஆள் என்பதால் நோட்டில் கூலி ஏறாது. அதே நாட்களில் வெளியே போனால் அவருக்குக் கூலி கிடைக்கும், அல்லது இரண்டு கறவை மாட்டைக் கவனிப்பார். அதுதான் அவர் உழைப்பின் வாய்ப்புச் செலவு. கிணற்றுத் தண்ணீரைப் போலவே இதற்கும் நாம் பூஜ்யம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆதரவு விலை பற்றி நாடு முழுவதும் நடக்கும் வாதமும் இதைச் சுற்றித்தான். வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2 + எஃப்எல். அதற்கும் மேலே சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலீட்டின் வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் சி2. 2025-26-ல் சாதாரண ரக நெல்லுக்கு ஏ2 + எஃப்எல் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதன் ஒன்றரை மடங்குதான் ஆதரவு விலையான 2,369. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் என்று பரிந்துரைத்தது. அந்தச் செலவு சி2 ஆக இருக்க வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. சொந்த நிலத்துக்கு வாடகையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வரக்கூடிய தொகையை உழுகிறவர் விட்டுக்கொடுக்கிறார். அது செலவுதான். ஏ2-வுக்கும் சி2-வுக்கும் இடையில் இருப்பதெல்லாம் நோட்டில் ஏறாத இந்தச் செலவுதான்.

அவர்கள் வீட்டுக்கு வருவோம். கூலி ஆள் சேர்த்தும் 2.5 ஏக்கருக்கு மேல் மல்லாட்டை ஆய முடியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பள்ளத்து நெல் 30 லட்சம், மல்லாட்டை 50 லட்சம், மீதி 16 லட்சம் லிட்டர். அதில் 1 ஏக்கர் உளுந்துக்கு 12 லட்சம். உளுந்தில் 10,000 நிற்கும் என்று வைத்தோம். மொத்தம் 72,000. முதலில் எழுதியதைவிட 2,800 குறைவு. ஆள் தட்டுப்பாட்டுக்கு அந்த வீடு கொடுத்த விலை அந்த 2,800. சாப்பாட்டுக்கு நெல்லும் மாட்டுக்கு வைக்கோலும் பள்ளத்து ஏக்கரிலேயே வந்துவிடும் என்பதில் அவருக்கு நிம்மதி. மல்லாட்டைக் கொடியும் மாடு தின்னும்.

பங்குனியில்

அந்த வருடம் மல்லாட்டை விலை நான் எழுதிக் கொடுத்தபடி போகவில்லை. அறுவடை நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வரத்து அதிகம். ஏக்கருக்கு 16,000 அல்ல, 13,500 தான் நின்றது. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் என்ற உறுதி இருக்கிறது. மல்லாட்டைக்கு அந்த அளவு உறுதி இல்லை. கைவிடும் பயிரின் மதிப்பை எழுதும்போது நல்ல வருடத்து விலையை எழுதக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். 3 வருடங்களின் சராசரியில் கொஞ்சம் குறைத்து எழுதுவதே எனக்கு இப்போது வழக்கம். ஆனாலும் மொத்தம் 65,750 வந்தது. பழைய 44,000-ஐவிட அதிகம்தான். பங்குனி பாதியில் கிணறு 2 மணி நேரத்துக்கு இறங்கியது. நெல் 1 ஏக்கர் மட்டும் என்பதால் கதிர் வற்றாமல் காப்பாற்றினார். அவரிடம் 2 ஏக்கர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பக்கத்து வயல் காட்டியது.

போன மாதம் பேசியபோது அவர் என்னிடம் ஒரு கணக்கைச் சொன்னார். டேங்கர் லாரிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். 12,000 லிட்டர் லாரிக்கு 150 ரூபாய் தருகிறாராம். "லட்சம் லிட்டருக்கு 1,250 சார். மல்லாட்டை 800, நெல்லு 458. நீங்க சொன்ன கணக்குப்படி நான் எதைப் பண்ணணும்?"

அனுமதி, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கு சரிதான், அவர் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நீங்கள் கோடை முழுக்க லாரிக்கு இறைத்தால் பக்கத்து நிலத்துக்காரரின் ஒன்றரை லட்ச ரூபாய் போரில் தண்ணீர் இருக்குமா? அந்த நஷ்டம் யார் நோட்டில் ஏறும்?

"ஒரே ஊத்துதான் சார் ரெண்டுக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, லாரிக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இந்த மார்கழிக்கு மல்லாட்டை விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். பீப்பாயை மறுபடி வைத்துப் பார்த்தாராம். இந்த முறை நிரம்ப 36 விநாடி ஆனதாம்.